நட்ட கணக்கும் நின்ற கணக்கும்

சேர்வராயன் மலையும் நாளைய காட்டுக்கான நாற்றும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



காலநிலை மாற்றமும் காடுகளும் என்ற பெரிய தலைப்பில் பேசும்படி என்னைக் கேட்டார்கள். அதை ஒரு கையளவுக்குச் சுருக்கிக்கொள்ள அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். ஆகவே இன்று நான் பேசப்போவது ஒரு நாற்றைப் பற்றி. இரண்டு விரலால் தூக்கிவிடக்கூடிய அந்தச் சிறு செடிக்குள்தான் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய காடு இருக்கிறது என்பது, என் வேலைநாட்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

கையோடு வந்த மரம்

பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு மலைச்சரிவில் நாங்கள் நட்டவற்றை மூன்றாம் ஆண்டு பார்க்கப் போனேன். நட்டபோது நாற்றுகள் இடுப்புயரம் இருந்தன. இலைகள் தளதளவென்று மின்னின. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பதிவேட்டில் ‘நன்று’ என்று எழுதியவனும் நான்தான். மூன்றாம் ஆண்டில் பாதிக்கு மேல் இடம் தெரியாமல் போயிருந்தன. நின்றவற்றில் ஒன்று காற்றுக்குச் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி மண் அணைத்துவிடலாம் என்று அடித்தண்டைப் பிடித்தேன். கையோடு வந்துவிட்டது.

திருப்பிப் பார்த்தேன். நடும்போது பாலித்தீன் பையைக் கிழித்து எறிந்துவிட்டுத்தான் நட்டிருந்தோம். ஆனாலும் பை அங்கேயே இருந்தது. அதன் உருண்டை, அதன் தட்டையான அடி, அடியில் மடிந்த மூலைகள், எல்லாம் வேரில் அச்சுப் போட்டதுபோல் பதிந்திருந்தன. ஆணிவேர் கீழே முட்டித் திரும்பி, தன்னைத் தானே இரண்டு சுற்றுச் சுற்றி, முறுக்கிய கயிறுபோலத் தடித்திருந்தது. மூன்று மழைக்காலங்கள் அந்தச் சரிவில் பெய்திருக்கின்றன. ஒரு முழம் தள்ளி ஈரமண் இருந்தது. அதைத் தேடி அந்த வேர் போகவே இல்லை.

அன்று எனக்கு ஒன்று விளங்கியது. அந்த மரத்தின் சாவுக்கு வறட்சியையும் காற்றையும் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீரும் நிழலும் உரமும் குறைவின்றிக் கிடைத்த நாற்றங்காலிலேயே அதன் விதி எழுதப்பட்டுவிட்டது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம்மில் சொல்வார்கள். நெல்லுக்கும் கம்புக்கும் அது சரி. மரத்தின் விளைச்சலைப் பார்க்க மண்ணுக்குள் பார்க்க வேண்டும்.

அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் போட்டேன். ஒன்று நட்ட கணக்கு. மற்றது நின்ற கணக்கு: ஐந்து கோடைகளைத் தாண்டி, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல், தன் காலில் நிற்பவை எத்தனை என்ற கணக்கு. நம் நாட்டில் முதல் பத்தி எப்போதும் நிறைந்திருக்கும். இரண்டாவது பத்தியைப் பலர் திறந்து பார்ப்பதே இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. நல்ல இலக்கு. அதற்குக் கோடிக்கணக்கில் நாற்று வேண்டும். அதனாலேயே எந்த மாதிரி நாற்று என்ற கேள்வியை இப்போதே கேட்டாக வேண்டும்.

ஏணியாக ஒரு மலை

இந்தக் கேள்விக்குச் சேர்வராயன் மலையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டுக்குப் போனால் 1,600 மீட்டரைத் தாண்டிவிடுவோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதாவது இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும் ஒரு மணி நேரத்துக்குள், ஏழெட்டு டிகிரி வித்தியாசத்தை நாம் ஏறிக் கடக்கிறோம்.

பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்களுக்குத் தெரியும். அடிவாரத்தில் முள்ளும் புதரும். அதற்கு மேல் மூங்கில், கோடையில் இலை உதிர்த்து நிற்கும் காடு. வேங்கையும் ஈட்டியும் கடுக்காயும் அங்கே. இன்னும் ஏறினால் பலா, நாவல், பசுமை மாறாத சோலைகளின் மிச்சம். ஒரே மலையில் படிப்படியாக வெவ்வேறு தட்பவெப்பம், வெவ்வேறு காடு. நான் இதை ஒரு ஏணி என்பேன். இந்த ஏணியின் பயன் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மலையின் மேற்பரப்பு பலமுறை மாறியிருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். சோலைகள் தோட்டங்களாயின. நிழலுக்காகவும் மிளகுக் கொடி ஏற்றுவதற்காகவும் ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் வந்து வரிசை வரிசையாக நின்றது. மேட்டில் பாக்சைட் தோண்டிய இடங்களில் மேல்மண்ணே போயிற்று. திறந்த சரிவுகளை உண்ணிச்செடி மூடிக்கொண்டது. ஆனாலும் பழைய காட்டின் சாட்சிகள் முற்றாக அழிந்துவிடவில்லை. காப்பிக்கு நிழலாக விட்டுவைத்த முதுமரங்கள், கோயிலைச் சுற்றி வெட்டாமல் விட்ட தோப்புகள், ஓடைக்கரைகளின் சோலைத் துண்டுகள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு விதைக் களஞ்சியம்.

இனி வானத்தைப் பாருங்கள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுவதும் இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. எட்டே ஆண்டுகள் கழித்து, 2024 கோடையில் சேலத்தின் வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் காய்ந்தது. காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை பொய்த்துத் தோட்டக்காரர்கள் தவித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை கொட்டியது. பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏற்காட்டுச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ஒரே ஆண்டில் காய்ச்சலும் வெள்ளமும். 2016-இல் நட்ட ஒரு மரம் எட்டு வயதுக்குள் இத்தனையையும் பார்த்துவிட்டது. நாம் இன்று நடும் மரம் நூறு வயது வாழ வேண்டியது. அது பார்க்கப்போவதை நம்மால் எண்ணிச் சொல்ல முடியாது. எண்ணிச் சொல்ல முடியாத ஒன்றுக்கு ஆயத்தம் செய்வதுதான் இன்றைய நாற்றங்காலின் வேலை.

விதைக்கும் முகவரி உண்டு

வலுவான நாற்று என்றதும் உரத்தையும் மருந்தையும் நினைக்கிறோம். வலிமை தொடங்குவது தாய்மரத்தில்.

பெரும்பாலான நாற்றங்கால்களில் விதை எப்படி வருகிறது? சாலையோரம் கைக்கு எட்டும் ஒரு மரம், அல்லது வளாகத்துக்குள் நிற்கும் இரண்டு மரம். ஒரு மூட்டை விதை கிடைத்துவிடும். அதிலிருந்து பத்தாயிரம் நாற்று எழும்பும். பத்தாயிரமும் உடன்பிறப்புகள். ஒரு பூச்சிக்கு ஒன்று தோற்றால் எல்லாம் தோற்கும். அவை வளர்ந்து தங்களுக்குள்ளேயே மகரந்தம் மாற்றிக்கொண்டால் அடுத்த தலைமுறை இன்னும் நலியும். எனவேதான் ஒரு இனத்துக்குக் குறைந்தது முப்பது தாய்மரங்கள், ஒன்றுக்கொன்று ஐம்பது முதல் நூறு மீட்டராவது தள்ளி நிற்பவை, என்று விதை சேகரிப்பில் ஒரு நெறி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மரத்திலிருந்தும் சம அளவு எடுத்துக் கலக்க வேண்டும். எந்தக் கோடை எந்த மரத்தின் பிள்ளையைச் சோதிக்கும் என்று தெரியாதபோது, பலர் பிள்ளைகளையும் அனுப்பிவைப்பதே அறிவு.

சேகரிக்கும் நேரத்திலும் ஞானம் இருக்கிறது. மலைமேல் நாற்றங்காலில் பல காலம் வேலை பார்த்த ஒரு மூதாட்டி, மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். வேங்கைக் காய் முதலில் உதிர்ந்ததும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடிய என்னைக் கையமர்த்தினார். “அய்யா, முன்னாடி விழறதைப் பொறுக்காதீங்க. அது பூச்சி விழுந்தது, மரமே வேண்டாம்னு தள்ளினது. பத்து நாள் பொறுத்து நல்லா விழும்போது எடுங்க.” நான் கேட்காமல் ஒரு கூடை பொறுக்கினேன். பிளந்து பார்த்தபோது பாதிக்கு மேல் துளை. முதலில் உதிர்பவற்றில் சொத்தை மிகுதி என்று விதை நூல்களும் சொல்கின்றன. அவர் நூல் படித்து அதைத் தெரிந்துகொள்ளவில்லை.

இப்படி நூலுக்கு முன் கண் கண்டுகொண்ட செய்திகள் நம் வனவியல் வரலாற்றிலேயே உண்டு. 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்க முனைந்தபோது, விதையை முளைக்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது. பல முறைகள் தோற்றன. கடைசியில் வழி கண்டு அங்கே தேக்குக் காட்டை எழுப்பியவர் சாத்து மேனன் என்ற உள்ளூர் அலுவலர். இன்றும் தேக்கு விதையை இரவில் தண்ணீரில் ஊறப்போட்டுப் பகலில் வெயிலில் காயவைத்து, அதைப் பல நாள் மாற்றி மாற்றிச் செய்துதான் எழுப்புகிறோம். காட்டில் முதல் மழையும் இடை வெயிலும் செய்கிற வேலையைத்தான் நாம் களத்தில் செய்கிறோம்.

ஒவ்வொரு விதைக்கும் ஒரு குணம். தேக்கு ஓராண்டு கிடந்தால் நன்றாக முளைக்கும். நாவலும் பலாவும் அப்படியில்லை. ஈரம் போனால் உயிரும் போய்விடும். இரண்டு வாரத்துக்குள் பாத்திக்குப் போயாக வேண்டும். ஆகவே நாவலையும் சோலை மரங்களையும் வளர்க்க விரும்புகிறவர் குளிர்பதனக் கிடங்கை நம்ப முடியாது. எந்த மரம் எந்த வாரம் பழுக்கும் என்ற பஞ்சாங்கம் அவர் கையில் இருக்க வேண்டும். நம் நாற்றங்கால்களில் ஒரே சில இனங்கள் திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணம். எளிதில் சேமிக்க முடிகிற விதை எங்கும் நாற்றாகிறது. சேமிக்க முடியாத விதை மரத்தடியில் அழுகிப்போகிறது. பூ மழை எந்த வாரம் பெய்தது என்று தோட்டக்காரர் எழுதி வைக்கிறாரே, அதுபோல் பழம் உதிர்ந்த வாரத்தையும் எழுதி வைத்தால் அந்தப் பஞ்சாங்கம் உருவாகிவிடும்.

பைக்குள் நடப்பது

இப்போது நாற்றங்காலுக்குள் போவோம். என் கையோடு வந்த மரத்துக்கு என்ன நடந்தது? வேர் நேராகக் கீழே போக விரும்பும். பையின் வழவழப்பான சுவரில் முட்டினால் சுற்றத் தொடங்கும். ஒருமுறை சுற்றிக் கெட்டிப்பட்ட வேர், மண்ணுக்கு வந்தபின்னும் அந்தப் பழக்கத்தை விடாது.

இதற்கு மாற்று ரூட் டிரெய்னர் எனப்படும் குழல் தட்டு. அதன் உட்சுவரில் மேலிருந்து கீழாக வரிவரியாக மேடுகள் இருக்கும். சுற்ற வந்த வேர் மேட்டில் தட்டிக் கீழ்நோக்கித் திரும்பும். அடியில் பெரிய துளை. தட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கம்பிச் சட்டத்தில் வைத்தால், துளை வழியே எட்டிப் பார்க்கும் வேர்நுனி காற்றுப் பட்டுக் காய்ந்து நின்றுவிடும். நுனி நின்றால் பக்கவேர்கள் பெருகும். கத்தரிக்கோல் இல்லாமல் காற்றே கத்தரிக்கிறது. நட்டதும் நாலாப் பக்கமும் ஓடத் தயாராக நூற்றுக்கணக்கான நுனிகள் காத்திருக்கும். பாலித்தீன் பையை விட முடியாத இடங்களில், பைகளைக் காலாகாலத்தில் இடம்மாற்றி வைத்து, வெளியே ஓடிய வேரை நறுக்க வேண்டும். நடும்போது அடியில் ஓர் அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு, பக்கவாட்டில் இரண்டு கீறல் போட வேண்டும். அரை நிமிட வேலை. ஒரு மரத்தின் நூறு ஆண்டு அதில் இருக்கிறது.

குழலுக்குள் எதை நிரப்புகிறோம் என்பதும் முக்கியம். செம்மண், மணல், தொழுவுரம் என்ற பழைய கலவை கெட்டித்துப்போகும். தென்னைநார்க் கழிவை நன்றாக மட்கவைத்துச் சேர்த்தால் காற்றோட்டமும் ஈரமும் ஒருசேரக் கிடைக்கும். கூடவே ஒரு கைப்பிடி, தாய்மரத்தின் அடிமண். அந்த மண்ணில் வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் இருக்கின்றன. வேர் போக முடியாத நுண்ணிடுக்குகளுக்கு அவற்றின் இழைகள் போகும். மணிச்சத்தையும் நீரையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். பாக்சைட் தோண்டிய மேடுபோல் மேல்மண் போன இடத்தில் இந்தக் கூட்டாளி இல்லாமல் நட்ட நாற்று, ஊர் பேர் தெரியாத இடத்தில் தனியாக இறக்கிவிடப்பட்ட பிள்ளைதான்.

கூட்டு வாழ்வை நேரில் பார்க்க விரும்பினால் சந்தன நாற்றைப் பாருங்கள். சந்தனம் இந்த மலைகளின் செல்வம். அது தன் உணவில் ஒரு பகுதியை அடுத்த செடியின் வேரிலிருந்து உறிஞ்சி வாழும் மரம். தனியாகப் பையில் வளர்த்தால் சில மாதங்களில் வெளிறித் தேங்கிவிடும். அதனால் நாற்றங்காலில் அதோடு ஒரு துவரையை ஊன்றுவார்கள். ஒருமுறை அப்படி வளர்ந்த பையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, மண்ணை மெல்ல மெல்லக் கரைத்தேன். இரண்டு வேர்த்தொகுதிகளும் பின்னிக் கிடந்தன. வெளிர்நிறச் சந்தன வேரில் கடுகளவு முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் துவரை வேரை வாய் வைத்ததுபோல் கவ்வியிருந்தது. பிரிக்க முயன்றேன், வேர்தான் அறுந்தது. நட்டபின் துவரை காய்ந்து போகும். அதற்குள் பக்கத்தில் நீண்டநாள் வாழும் வேறொரு துணைமரம் தயாராக இருக்க வேண்டும். சந்தனத்துக்கு மட்டும் உரிய விதியாக இதை நான் பார்க்கவில்லை. காட்டின் எந்த மரமும் ஒற்றையாக வாழ்வதில்லை. சந்தனத்தில் அந்த உறவு கண்ணுக்குத் தெரிகிறது.

வெயிலுக்குப் பழக்குதல்

உயரமான நாற்றே நல்ல நாற்று என்ற எண்ணம் நம்மிடம் ஆழப் பதிந்திருக்கிறது. விழாவில் கையில் கொடுக்கும்போது உயரம்தான் படத்தில் தெரிகிறது. நாற்றங்கால்காரர்களுக்கு ஒரு எளிய அளவு உண்டு. உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, தண்டு மண்ணைத் தொடும் கழுத்தின் தடிமனை மில்லிமீட்டரில் அளந்து வகுத்துப் பாருங்கள். ஆறும் அதற்குக் கீழும் வந்தால் நாற்று திடமானது. 60 சென்டிமீட்டர் உயரமும் 10 மில்லிமீட்டர் கழுத்தும் இருந்தால் விடை ஆறு. 90 சென்டிமீட்டர் உயர்ந்து 6 மில்லிமீட்டர் கழுத்து என்றால் விடை பதினைந்து. பார்க்க அழகாக இருக்கும். முதல் காற்றுக்குப் படுத்துவிடும். நான் இடுப்புயரம் என்று பெருமைப்பட்ட அந்த நாற்றுகளை அன்று யாராவது இப்படி அளந்திருந்தால், ‘நன்று’ என்று எழுத என் பேனா தயங்கியிருக்கும். தண்டும் இலையும் சேர்ந்த எடை வேரின் எடையைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டாமல் இருப்பதும் ஒரு நல்ல அடையாளம். மேலே நூறு இலை குடித்தால் கீழே அதற்கு ஊற்ற வேர் வேண்டும்.

திடமான கழுத்து சீராட்டலில் வராது. நடுவதற்கு ஆறெட்டு வாரம் முன்பிருந்தே நிழல்வலையைப் படிப்படியாக விலக்க வேண்டும். தினமும் பூவாளி பிடித்ததை ஒருநாள் விட்டு ஒருநாளாக, பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறையாக நீட்ட வேண்டும். தழைச்சத்தைக் குறைக்க வேண்டும். மதிய வெயிலில் இலை சற்றுத் துவளும்; மாலையில் தானே நிமிரும். அதைப் பார்த்து மனம் இளகி வாளியைத் தூக்கக் கூடாது. அந்தத் துவளலில்தான் செடி தன் இலைத்துளைகளை நேரத்தோடு மூடக் கற்கிறது, இலையைத் தடிப்பாக்கிக்கொள்கிறது, சக்தியை வேருக்குத் திருப்புகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புமுன் சமைக்கவும் துவைக்கவும் பழக்குகிறோமே, அந்த அக்கறைதான் இது.

இதில் இன்னும் ஆழமான ஒரு செய்தியை நார்வே நாட்டின் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தில், ஒரே பெற்றோரின் விதைகள் குளிரில் உருவானபோது ஒருவகையாகவும், வெப்பமான சூழலில் உருவானபோது வேறுவகையாகவும் நடந்துகொண்டன. வெப்பத்தில் உருவான விதையின் நாற்றுகள் இலையுதிர்காலத்தில் மொட்டை மூடி ஓய்வுக்குப் போவதற்கு அதிக நாள் எடுத்துக்கொண்டன. கரு உருவான நாட்களின் வெப்பத்தை விதை நினைவில் வைத்திருந்தது. நம் மரங்களிலும் இதைத் தேடிப் பார்க்க வேண்டிய வேலை இளைய ஆய்வாளர்களுக்காகக் காத்திருக்கிறது. நாற்றை எப்படி வளர்க்கிறோம் என்பதோடு, விதை எந்த வெயிலில் முற்றியது என்பதும் ஒரு கேள்வியாகிவிட்டது.

கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்கு

இங்கேதான் நான் சொன்ன ஏணிக்கு வருகிறேன்.

அந்தந்த மண்ணின் விதையை அந்தந்த மண்ணில் நடு என்பது நெடுங்கால நெறி. அந்த இடத்து வெயிலுக்கும் மழைக்கும் பழகிய விதை அது. நெறி சரியானதுதான். ஆனால் அந்த இடத்து வெயிலே மாறிக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் பல ஆண்டுச் சோதனை நடவுகளுக்குப் பின், மரம் எழப்போகும் இடத்தின் வருங்காலத் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும் விதையைத் தேர்ந்தெடுக்கும் முறையை 2022-இல் கட்டாயமாக்கினார்கள். அவர்கள் அதற்காக விதையை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே நகர்த்த வேண்டியிருக்கிறது. நமக்கு மலையின் ஒரு சரிவே போதும். வெப்பம் ஒரு டிகிரி உயர்வது என்பது, ஏறத்தாழ 160 மீட்டர் கீழிறங்குவதற்குச் சமம். 900 மீட்டரில் நிற்கும் வேங்கை இன்று வாழும் வெயிலில்தான் 1,060 மீட்டரில் நிற்கும் வேங்கை நாளை வாழப்போகிறது.

ஆகவே என் பரிந்துரை இது. ஒரு சரிவில் நடும் நாற்றுகளில் பெரும்பகுதி அதே உயரத்துத் தாய்மரங்களின் பிள்ளைகளாக இருக்கட்டும். சிறு பகுதி, சில நூறு மீட்டர் கீழே காய்ச்சலில் நின்று பழகிய அதே இனத்து மரங்களின் பிள்ளைகளாக இருக்கட்டும். முழுவதையும் கீழிருந்து கொண்டுவருவது தவறு. மேட்டின் மூடுபனியும் மார்கழிக் குளிரும் இன்னும் போய்விடவில்லை. கலந்து நட்டால், எந்தக் காலம் வந்தாலும் சிலராவது நிற்பார்கள். நின்றவர்கள் பூத்து ஒருவருக்கொருவர் மகரந்தம் கொடுப்பார்கள். அடுத்த தலைமுறை விதையில் இரண்டு படிகளின் அனுபவமும் சேரும். எதை எங்கே நட்டோம் என்ற பதிவு மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும். பதிவில்லாத கலப்பு வெறும் குழப்பம்.

மேலே போகப் படியில்லாத மரம்

ஏணியின் உச்சிப்படியில் நிற்பவருக்கு என்ன வழி? இந்தக் கேள்வியை எனக்குக் கேட்டது ஒரு சிறு மரம். வெர்னோனியா சேவராயென்சிஸ் என்று அதற்குப் பெயர் வைத்தவர், சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிள். தன் பெயரிலேயே நம் மலையைச் சுமக்கிறது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை செடிகள். இது மரமாக நிற்கிறது. இறகு கட்டிய மெல்லிய விதைகள் காற்றில் போகும். இயற்கையாக இது வளர்வது சேர்வராயன் மலையில் மட்டும்தான்.

வேங்கைக்கு வெப்பம் தாங்காவிட்டால் மேலே ஏறலாம். இந்த மரம் ஏற்கெனவே மேலே இருக்கிறது. அதற்கு மேல் மலை இல்லை, வானம்தான். இது போனால் உலகத்தில் வேறெங்கும் தேடி எடுத்துவர முடியாது. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் ஏற்காட்டில் 1963-இல் அமைத்த தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குச் சுற்றுலா வருபவர்கள் பூச்சியுண்ணும் குடுவைத்தாவரத்தைப் பார்த்து வியந்துவிட்டுப் போகிறார்கள். அது மேகாலயத்திலிருந்து வந்த விருந்தாளி. நம் மலையின் சொந்தப் பிள்ளையைக் கேட்டுப் பார்க்கிறவர் குறைவு. இத்தகைய மரத்துக்கு நாற்றங்கால் என்பது உற்பத்திக்கூடம் என்ற நிலையைத் தாண்டி, பிரசவ வார்டாகிறது. எஞ்சியிருக்கும் ஒவ்வொரு தாய்மரத்துக்கும் எண் வேண்டும். ஒவ்வொன்றின் விதையும் தனித்தனியாக எழுப்பப்பட வேண்டும். நிழலும் ஈரமும் எஞ்சிய ஓடைக்கரைகள், வடக்குப் பார்த்த சரிவுகள் என்று வெப்பம் குறைந்த மூலைகளைத் தேடி, அங்கே அவற்றை நட்டுக் காக்க வேண்டும்.

மண்ணுக்குப் போனபின்

நல்ல நாற்றையும் கெட்ட நடவு கொன்றுவிடும். உண்ணிச்செடியை வேரோடு எடுக்காமல் வெட்டிவிட்டு நட்டால், ஒரே மழையில் அது எழுந்து நாற்றை மூடிவிடும். மொட்டைச் சரிவில் சோலை மரத்தை நேராக நட்டால் வெயில் தின்றுவிடும். முதலில் வெயில் தாங்கும் இனங்கள், அவற்றின் நிழலில் சில ஆண்டு கழித்துச் சோலை இனங்கள் என்பது காடே காட்டிய வரிசை. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காட்டுத் துண்டுகளை மீட்டுவரும் திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் குழுவினர், உள்ளூர் இனங்களை மட்டுமே தம் நாற்றங்காலில் எழுப்பி, இடத்துக்கு இடம் இனம் பார்த்து நடுகிறார்கள். இருபது ஆண்டுக்கு மேலாகிய அந்தப் பொறுமையிலிருந்து நாம் கற்க நிறைய இருக்கிறது.

குழிக்குக் கீழ்ப்பக்கம் பிறைவடிவ வரப்பு, காய்ந்த சருகு மூடாக்கு, மாசி பங்குனியில் தீத்தடுப்புப் பட்டை, காட்டெருமை வரும் வழியில் முள்வேலி. இவை செலவு குறைந்த வேலைகள். ஆனால் நிதி ஒதுக்கீடு நடும் நாளோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் துயரம். பிள்ளை பெற ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வளர்க்கக் காசில்லை என்று சொல்வதுபோல் இருக்கிறது.

நிறைவாக உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

தோட்டக்காரர்களுக்கு: உங்கள் காப்பிக்கு நிழல் கொடுக்கும் முதுமரங்களில் நாட்டு இனங்களை எண்ணிட்டு, உதிரும் வாரத்தைக் குறித்து வையுங்கள். சில்வர் ஓக் ஒன்று சாயும் இடத்தில் அந்த முதுமரங்களின் பிள்ளை ஒன்றை வையுங்கள். உங்கள் தோட்டம் இந்த மலையின் விதை வங்கி.

நாற்று வாங்கும் அலுவலர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும்: எத்தனை நாற்று என்று கேட்கும்போது, எந்தத் தாய்மரம், என்ன உயரம், கழுத்து எத்தனை மில்லிமீட்டர் என்றும் கேளுங்கள். ஒரு நாற்றை உருவி வேரைக் கழுவிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்தாம் ஆண்டு எண்ணிக்கைக்கும் பணம் ஒதுக்குங்கள். கேட்பவர் மாறினால் வளர்ப்பவர் மாறுவார்.

மாணவர்களுக்கு: மலையில் விதை பொறுக்கும் பெண்களிடம் போய் உட்காருங்கள். அவர்கள் தலையில் இருக்கும் பஞ்சாங்கத்தை அவர்கள் பெயரோடு எழுதி வாங்குங்கள்.

கையோடு வந்த அந்த மரத்தின் வேரை நான் எறியவில்லை. காய்ந்து கட்டையாகி என் மேசைமேல் பல ஆண்டுகள் இருந்தது. இன்று அதை எடுத்து வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து கையில் வாங்கிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு குழல் தட்டில் இந்த ஆண்டு முளைத்த வேங்கை நாற்றும் இருக்கிறது. அதன் விதை சரிவின் கீழ்ப்படியிலிருந்து வந்தது. ஆடி மழையில் ஏற்காட்டுக்குப் போகிறது. அதன் பெயரை என் குறிப்பேட்டின் முதல் பத்தியில் எழுதிவிட்டேன். இரண்டாவது பத்தியை நிரப்பப்போகிறவர் இந்த அவையில் இருக்கும் ஓர் இளைஞராக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.